நனைந்து வந்தவர்களின் மாளிகை

இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரிக்கு மேற்குக் கரையில், படகுத்துறைக்குப் பின்னால் இருக்கும் பாறை மேட்டில் ஒரு கல் கட்டடம் பாதி இடிந்து நிற்கிறது. கிளைஃப் ஸ்டேஷன் என்பார்கள். 1790களில் கட்டியது. குடியிருக்கவோ கும்பிடவோ கட்டியதல்ல. ஏரியைப் பார்ப்பதற்கென்றே கட்டியது. அதன் மாடி அறைச் சன்னல்களில் வண்ணக் கண்ணாடி பதித்திருந்தார்கள். இளம்பச்சை வழியாகப் பார்த்தால் வசந்தம், கருநீலம் வழியாகப் பார்த்தால் நிலா வெளிச்சம், ஆரஞ்சு வழியாகப் பார்த்தால் இலையுதிர்காலம். ஜூலை மாத மத்தியானத்தில் வந்த கனவான்களும் சீமாட்டிகளும் கால் நனையாமல், கோட்டு கசங்காமல் அக்டோபரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பு அந்த இடிபாட்டைச் சீர்செய்து, இன்று ஏறி வருபவர்களுக்காக மறுபடியும் வண்ணக் கண்ணாடி வைத்திருக்கிறது.

அந்தக் காலத்துப் பயணிகளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. கறுப்புப் பூச்சு கொண்ட சின்னக் கண்ணாடி ஒன்றைக் கையில் பிடித்து, மலைக்கு முதுகைக் காட்டி நின்று, அதில் விழும் பிம்பத்தை ரசிப்பார்கள். ஓவியம் மாதிரி தெரியுமாம். செல்ஃபி எடுக்கும் நம் தலைமுறைக்கு அவர்களைக் கேலி செய்ய வாயில்லை.

விண்டர்மியர் இருக்கும் லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கத்து ஆடம்பர ஓட்டல்களின் விளம்பரங்களைப் பார்க்கும்போது அந்த ஆரஞ்சுக் கண்ணாடிதான் நினைவுக்கு வருகிறது. தரையிலிருந்து கூரை வரை சன்னல், ஏரியைப் பார்த்தபடி குளியல் தொட்டி, கட்டிலில் படுத்தபடியே இலையுதிர்காலம். இதற்காக ஒரு இரவுக்கு 300, 400 பவுண்டு கொடுப்பது வீண் என்பது என் கட்சி. ஆனால் அதே ஓட்டலுக்கு, முழங்கால் வரை சேறோடும் கழுத்துக்குள் இறங்கிய மழையோடும் மாலையில் போய்ச் சேர்ந்தால் அந்தக் காசு செரிக்கும்.

லண்டன் யூஸ்டனில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் ஆக்ஸன்ஹோம். அங்கே மாறி, ஒற்றைத் தடத்தில் இருபது நிமிடம் போனால் விண்டர்மியர். 1847இல் போட்ட இந்தத் தடத்தை எதிர்த்துக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், கவிதையும் எழுதினார். ஆலைத் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினால் ஏரிகளின் அமைதி போய்விடும் என்பது அவர் கவலை. அவர் எழுதிய சுற்றுலாக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் பாதிப் பேர் வந்தார்கள் என்பது வேறு விஷயம். நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் டாஃபடில் பூக்களோடு வந்து உட்கார்ந்தவர் அவர். அந்தப் பூ ஏப்ரலுக்குரியது. ஆனால் எப்போது வரலாம் என்று கேட்டவர்களுக்கு அந்தக் கையேட்டில் அவர் சிபாரிசு செய்தது செப்டம்பரையும் அக்டோபரையும், குறிப்பாக அக்டோபரை. கோடைப் பச்சை ஒரே மாதிரி இருக்கிறது, இலையுதிர்காலத்தில்தான் மலைக்குப் பல நிறம் வருகிறது என்று காரணமும் சொல்கிறார். இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்கலாம்.

நம் ஊரில் மரம் இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில், வரப்போகும் வெயிலுக்குத் தண்ணீரை மிச்சம் பிடிப்பதற்காக. அங்கே வரப்போகும் குளிருக்காக. பகல் குறையக் குறைய இலையின் பச்சையம் சிதைகிறது. அதற்கடியில் அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, அதை இலை புதிதாகத் தயாரிக்க வேண்டும். அதற்குப் பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் வேண்டும். மேகம் விலகாத இந்தக் கும்ப்ரியா வட்டாரத்தில் அதற்கு எங்கே போவது? அமெரிக்க நாட்காட்டிகளில் பார்த்த தீப்பிடித்த காடுகளை எதிர்பார்த்து இங்கே வருபவர்கள் ஏமாந்து போவார்கள். இங்கே மஞ்சள், செம்பு, துரு, காய்ந்த புகையிலை. நடுவே எங்கோ ஒரு காட்டுச் செர்ரி மட்டும் சிவந்து நிற்கும்.

அந்தத் துரு நிறத்தில் பெரும்பகுதி மரத்தினுடையதே அல்ல. பிராக்கன் என்கிற பெரணியினுடையது. மலைச்சரிவு முழுக்க இடுப்புயரம் வளர்ந்து, கோடையில் வெறும் பச்சைப் போர்வையாகக் கிடக்கும் செடி இது. செப்டம்பர் கடைசியில் நுனியிலிருந்து மஞ்சளாகத் தொடங்கும். அக்டோபர் நடுவில் ஒரே செடியில் எலுமிச்சை மஞ்சளும் கருஞ்சிவப்பும் சேர்ந்து நிற்கும். நவம்பரில் முறிந்து படுத்துவிடும். மழை பெய்து நின்றவுடன் சாய்வெயில் பட்டால் மலையே பழைய செப்புப் பானை மாதிரி மின்னும். கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை, நொறுங்கிப்போகும் சருகு. விவசாயிகளுக்கு இது ஆகவே ஆகாது. ஆடுமாடுகளுக்கு நஞ்சு, புல்லையும் அமுக்கிவிடும். ஒரு காலத்தில் இதை அறுத்துக் கொட்டிலில் மெத்தையாகப் போட்டார்கள், எரித்த சாம்பலிலிருந்து சோப்புக்கு உப்பு எடுத்தார்கள். இப்போது அறுப்பார் இல்லை. பயணிகள் புகைப்படம் எடுத்துத் தள்ளுவதெல்லாம் விவசாயியின் களையைத்தான்.

களைக்கு அடுத்தபடியாகப் பொன்னிறம் தருவது லார்ச். ஊசியிலை மரமாக இருந்தும் இலை உதிர்க்கும் விசித்திரம். இதுவும் மண்ணின் மரமல்ல, கொண்டுவந்து நட்டது. வேர்ட்ஸ்வொர்த்துக்கு லார்ச் தோப்புகளைக் கண்டாலே எரிச்சல். ஹாக்ஸ்ஹெட் அருகே, லார்ச்சும் பைனும் சூழ்ந்த டார்ன் ஹவ்ஸ் என்ற குளத்தைப் பார்த்தால் ஆதிகாலத்திலிருந்து அப்படியே கிடப்பதுபோல் தோன்றும். உண்மையில் 19ஆம் நூற்றாண்டில் மார்ஷல் என்ற நிலக்கிழார் அணைகட்டி, மூன்று சின்னக் குட்டைகளை ஒன்றாக்கி, சுற்றிலும் மரம் வைத்து உருவாக்கிய காட்சி அது. 1930இல் பீட்டர் ராபிட் கதைகளின் ஆசிரியை பீட்ரிக்ஸ் பாட்டர் அந்த எஸ்டேட்டை வாங்கி, பாதியை நேஷனல் டிரஸ்டுக்கு விற்றார். 1943இல் அவர் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் நிலமும் பண்ணைகளும் அதே டிரஸ்டுக்குப் போயின. குளத்தைச் சுற்றி மூன்று கிலோமீட்டர்கூட வராது. சக்கர நாற்காலியும் போகும், குழந்தை வண்டியும் போகும். நடந்து பழக்கமில்லாத பெற்றோரை ஊரிலிருந்து அழைத்துவந்தால் இங்கே கூட்டிப்போவதே உசிதம்.

எனக்குப் பிடித்த நடை ரைடலிலிருந்து கிராஸ்மியருக்குப் போகும் பிணப்பாதை. ரைடலில் இடுகாடு இல்லாத காலத்தில் இறந்தவர்களைச் சுமந்துகொண்டு கிராஸ்மியர் தேவாலயத்துக்குப் போன வழி அது. வழியில் தட்டையான கற்கள் கிடக்கின்றன. பெட்டியை இறக்கிவைத்துத் தோள் மாற்றிக்கொள்வதற்காக. நம் கிராமத்துச் சுமைதாங்கியின் வேலையை அங்கே இந்தக் கல் செய்திருக்கிறது. இப்போது அதில் மலையேறிகள் உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடிக்கிறார்கள். பாதையின் ஒரு முனையில் வேர்ட்ஸ்வொர்த் 1813 முதல் சாகும்வரை வாழ்ந்த ரைடல் மவுன்ட். மறுமுனையில் இளமையில் தங்கை டோரதியோடு குடியிருந்த டவ் காட்டேஜ். நடுவே சுமார் மூன்று கிலோமீட்டருக்கு ஓக் மரங்கள், பாசி மூடிய கல்சுவர், கீழே ரைடல் ஏரி.

பிரஸ்டனில் நர்சாக இருக்கும் பெரியப்பா மகள்தான் கூட வந்தாள். முப்பது வருடம் அந்த மழையில் ஊறியவள். காலையில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டேய் தம்பி, அந்த ஜீன்ஸ மாத்திட்டு வா. நனைஞ்சா ரெண்டு கிலோ கனக்கும், ராத்திரி வரைக்கும் காயாது" என்றாள். "மழையே இல்லையேக்கா." "இன்னும் வரலன்னு சொல்லு." பாதி வழியில் வந்தது. சாரலில்லை, தூறலில்லை. காற்றோடு கிடைமட்டமாக வந்த மழை. கீழே விழுந்து கிடந்த ஓக் இலைகள் சோப்புத் துண்டுகளாக வழுக்கின. பாதையே ஓடையானது. எதிரே ஒரு வயதான தம்பதி நாயோடு வந்தார்கள். மழை மூக்கில் சொட்ட, அருமையான நாள் என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். கிண்டலாகத் தெரியவில்லை.

ஓக் பட்டையில் அந்த நேரம் நடப்பதைத்தான் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். தண்ணீர் பட்டவுடன் பாசி உப்பிக்கொள்கிறது. சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்ததுபோல் இருந்த கல்பாசி சில நிமிடத்தில் பச்சை கட்டுகிறது. கிளையிடுக்கில் சின்னப் பெரணிகள் நிமிர்கின்றன. மேலே மரம் தன் கடையைக் கட்டிக்கொண்டிருக்க, கீழே இவற்றுக்கு இப்போதுதான் வியாபாரம் தொடங்குகிறது.

நடை முடிகிற இடத்தில், தேவாலயத்து வாசலை ஒட்டி இஞ்சி வாசனை. 1854இல் சாரா நெல்சன் என்ற பெண்மணி சுடத்தொடங்கிய கிராஸ்மியர் ஜிஞ்சர்பிரெட்டை, பழைய பள்ளிக்கூடமாக இருந்த அந்தக் குட்டிக் கடையில் இன்றும் விற்கிறார்கள். கேக்குமில்லை, பிஸ்கட்டுமில்லை. மேலே மணல்போல் உதிர்கிறது, உள்ளே மெல்ல வேண்டியிருக்கிறது, தொண்டையில் காரம் இறங்குகிறது. வரிசையில் ஈரக் கோட்டுகள் நெருக்கியடித்து நின்றன. வேர்ட்ஸ்வொர்த்தின் கல்லறை அங்கிருந்து சில தப்படிதான். அங்கே வரிசை இல்லை.

ஓட்டலுக்கு வருவோம். விண்டர்மியர் கரையிலிருக்கும் மாளிகைகளில் பல, ரயில் வந்த பிறகு மான்செஸ்டர், லிவர்பூல் பணக்காரர்கள் கட்டியவை. மதுபான ஆலை அதிபர் எட்வர்ட் ஹோல்ட் 1900 வாக்கில் கட்டி முடித்த பிளாக்வெல் இப்போது அருங்காட்சியகம். கணப்புக்குள்ளேயே உட்காரத் திண்ணை வைத்த வீடு, குளிர்நாட்டுக்காரர்களின் மனசைப் புரிந்துகொள்ள அதைப் பார்த்தால் போதும். ஸ்டார்ஸ் ஹால் என்ற மாளிகையின் கதை பழையது, கசப்பானது. 1806இல் அதை வாங்கிப் பெரிதாக்கிய ஜான் போல்டன், அடிமை வணிகத்தில் சொத்துச் சேர்த்த லிவர்பூல்காரர். 1825இல் வால்டர் ஸ்காட்டும் வேர்ட்ஸ்வொர்த்தும் வந்திருந்த படகு விழாவுக்கு விருந்தோம்பியவரும் அவரே. இன்று அது ஓட்டல். பஞ்சாலை முதலாளிகளின் வீடுகளில் படுக்கும் இந்தியனுக்கு வேறொரு கணக்கும் நினைவில் வரும். மான்செஸ்டர் துணி நம் சந்தைகளில் வந்து குவிந்தபோது இங்கே நின்றுபோன தறிகளின் கணக்கு. அதற்காகத் தூக்கம் கெட்டதா என்றால், இல்லை. மெத்தை அப்படி.

நாட்டுப்புற மாளிகையை ஓட்டலாக்கி, விருந்தாளியை வீட்டுக்காரர்போல் வரவேற்கும் பாணிக்குப் பிள்ளையார்சுழி போட்டது உல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் ஃபிரான்சிஸ் கூல்சன் 1948இல் தொடங்கிய சாரோ பே என்பார்கள். உணவு ரேஷன் இன்னும் நீங்காத காலம். வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் தவித்த தேசத்துக்கு அவரும் கூட்டாளி பிரையன் சாக்கும் மாலைத் தேநீரையும் நீண்ட இரவுச் சாப்பாட்டையும் போட்டார்கள். பேரீச்சம்பழம் சேர்த்த ஸ்டிக்கி டாஃபி புட்டிங்கை முதலில் செய்தது தாங்களே என்றும் உரிமை கொண்டாடினார்கள். போட்டிக்கு வேறு ஊர்க்காரர்களும் உண்டு. கார்ட்மெல் கிராமத்தில் லான்க்ளூம் என்ற உணவகம் 2022இல் மூன்று மிஷலின் நட்சத்திரம் வாங்கியது. நான் அங்கே சாப்பிட்டதில்லை, மாதக்கணக்கில் முன்பதிவு. நாங்கள் தங்கிய ஓட்டலில் சைவம் என்றதும் பூசணிக்காயை நாலு விதமாகச் செய்து கொடுத்தார்கள். அக்கா கைப்பையில் ஆவக்காய்ப் பொட்டலம் வைத்திருந்தாள். பரிமாறிய பையன் அந்தப் பக்கம் திரும்பியதும் அது வேலைக்கு வந்தது.

அந்த ஓட்டலின் ஆகச்சிறந்த அறை எதுவென்று கேட்டால், பின்கட்டிலிருந்த உலர்த்தும் அறை என்பேன். விளம்பரத்தில் அதன் படம் கிடையாது. சுவர் நெடுக வெந்நீர்க் குழாய், அதன்மேல் மரச்சட்டம், கொக்கிகளில் சொட்டும் கோட்டுகள். தரையில் ஜோடி ஜோடியாகப் பூட்ஸ், ஒவ்வொன்றிலும் பழைய செய்தித்தாள் திணித்திருக்கும். ஈரக் கம்பளி, சேறு, தோல் மெழுகு, நாய் எல்லாம் கலந்த வாசனை. சன்னலில் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியாது. பென்ட்லியில் வந்தவரின் பூட்ஸும் பேருந்தில் வந்த என் பூட்ஸும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே தினத்தாளை விழுங்கிக்கொண்டிருந்தன. அங்கே கழற்றிப் போட்டுவிட்டு, காய்ந்த காலுறையோடு கூடத்துக்கு வந்து, விறகு வெடிக்கும் கணப்பின் முன் உட்கார்ந்து, முதல் மிடறு தேநீர் உள்ளே போகும்போது நட்சத்திர ஓட்டல் என்றால் என்னவென்று உடம்புக்குப் புரிகிறது. நாள் முழுக்க அறையிலேயே இருந்துவிட்டு அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்கள் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றையும் அங்கேதான் கவனித்தேன். ஓட்டல் புல்வெளியின் ஓரமாகவே ஒரு பாதை போகிறது, கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறியோடு. அறை எடுக்காதவர்கள், முதுகுப்பையும் சாண்ட்விச்சுமாக, தேநீர் அருந்தும் விருந்தாளிகளைக் கடந்து சர்வசாதாரணமாகப் போகிறார்கள். யாரும் தடுக்க முடியாது. பொதுவழி என்று பதிவானது யார் நிலத்தில் போனாலும் பொதுவழிதான். இது தானாக வந்துவிடவில்லை. கெஸ்விக் ஊருக்கு மேலிருக்கும் லாட்ரிக் குன்றின் பாதையை நிலக்கிழார் அடைத்தபோது, 1887 அக்டோபர் 1ஆம் தேதி சுமார் 2,000 பேர் திரண்டு தடையை மீறி உச்சிக்கு ஏறினார்கள். மறு வருடம் வழக்கு சமரசத்தில் முடிந்து, உச்சிக்குப் போகும் வழி மக்களுக்குக் கிடைத்தது. அந்த ஊர்ப் பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி 1895இல் நேஷனல் டிரஸ்டைத் தொடங்கிய மூவரில் ஒருவர். 1902இல் டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையின் பிரான்டல்ஹவ் காட்டைப் பொதுமக்களிடம் நிதி திரட்டி வாங்கினார்கள். ஆலைத் தொழிலாளிகளும் தங்களால் முடிந்த ஷில்லிங்குகளை அனுப்பினார்கள். வரக்கூடாது என்று வேர்ட்ஸ்வொர்த் அஞ்சிய அதே கூட்டம்! இன்று அந்தக் காட்டில், தண்ணீரோரம் பீச் இலைகளை மிதித்துக்கொண்டு நடக்க ஒரு காசும் வேண்டாம். அங்கிருந்து மேலே ஏறினால் கேட்பெல்ஸ் மலை, 451 மீட்டர்தான், கடைசியில் கையூன்றி ஏற வேண்டியிருக்கும்.

டெர்வென்ட்வாட்டருக்குத் தெற்கே பாரோடேல் பள்ளத்தாக்கு. அதன் கோடியிலிருக்கும் சீத்வெய்ட், இங்கிலாந்தில் மக்கள் குடியிருக்கும் இடங்களிலேயே அதிக மழை பெறும் இடம். வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல், சென்னையைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். 2015 டிசம்பர் முதல் வாரம் நமக்கு மறக்காது. சென்னை மூழ்கிய அதே வாரத்தில் டெஸ்மண்ட் புயல் இங்கே இறங்கியது. சீத்வெய்ட் அருகே ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர், பிரிட்டனில் அதுவரை பதிவானதிலேயே அதிகம். கெஸ்விக் கடைக்காரர் ஒருவர் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தைக் கோடு போட்டு வைத்திருந்தார். சென்னை முடிச்சூரில் என் நண்பன் வீட்டுச் சுவரிலும் ஒரு கோடு இருக்கிறது என்றேன். இரண்டு பேரும் உயரத்தைக் கையால் காட்டி ஒப்பிட்டுப் பார்த்தோம். அவர் கோடு இடுப்பில் நின்றது, எங்களுடையது ஜெயித்தது.

மழையை மதிக்காத ஜீவன் ஹெர்ட்விக் ஆடு. கறுப்பாகப் பிறந்து வயதாக ஆக நரைக்கும். வேலியே இல்லாத மலையில் தன் மேய்ச்சல் எல்லையைத் தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொள்கிறது. மேய்ப்பர் போய்விட்டாலும் மந்தை எல்லை தாண்டாது. இலையுதிர்காலம் அவற்றின் கல்யாண சீசன். கண்காட்சிக்குக் கூட்டிவரும் கடாக்களுக்குச் செங்காவி பூசியிருப்பார்கள். நவம்பரில் மந்தையில் விடும்போது கடாவின் நெஞ்சில் சாயம் தடவுகிறார்கள். எந்தப் பெட்டையின் முதுகில் நிறம் ஒட்டியிருக்கிறதோ அது ஏப்ரலில் குட்டி போடும். இவ்வளவு பகிரங்கமான பதிவேட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இலைக்கு அக்டோபர் மூன்றாம் வாரத்திலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை. அக்டோபர் கடைசியில் பள்ளி விடுமுறை வரும், அந்த வாரம் ஓட்டல் கட்டணம் எகிறும், அதைத் தாண்டிவிடுங்கள். கார் தேவையில்லை, கெண்டலிலிருந்து கெஸ்விக் வரை 555ஆம் எண் பேருந்து விண்டர்மியர், ரைடல், கிராஸ்மியரையெல்லாம் கோத்துக்கொண்டு போகிறது. வந்திறங்கிய அன்றே விண்டர்மியர் நிலையத்துக்கு எதிரிலிருக்கும் ஆரஸ்ட் ஹெட் மேட்டுக்கு ஏறுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. 1930இல் பிளாக்பர்ன் நகரசபை குமாஸ்தா ஆல்ஃபிரட் வெய்ன்ரைட் 23 வயதில் அங்கே ஏறி, பார்த்த காட்சியில் மயங்கி, பிற்காலத்தில் இந்த வட்டாரத்தின் 214 மலைகளை ஒவ்வொன்றாக ஏறி, கையாலேயே எழுதி வரைந்து ஏழு நூல்களாக்கினார். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதன் பிறகு நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். ஆகவே ஒன்பது மணிக்குள் கிளம்பிவிட வேண்டும், டார்ச் கட்டாயம்.

ஓட்டல் பதியும்போது ஏரி தெரியும் அறைக்குக் கூடுதலாக எழுபது, எண்பது பவுண்டு கேட்பார்கள். வேண்டாம், பின்பக்கத்து அறையையே எடுங்கள். நீங்கள் திரும்பி வரும்போது இருட்டியிருக்கும், பணிப்பெண் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் போயிருப்பாள். பதிவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான், பூட்ஸ் காயவைக்க இடம் இருக்கிறதா?